அரைக் குப்பி ஓடிகோலன்

கித்தேரியம்மாள் கையில் மக்ரூன் தட்டு இருந்தது. உள்ளறைக் கதவிலிருந்து நாங்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு நாலு எட்டு தூரம். மூன்றாவது எட்டில் அவர் நின்றுவிட்டார்.

மழை வருமா என்று பார்ப்பவர் போல முகத்தைத் தூக்கினார். காற்றை இழுத்தார். பிறகு தட்டைக் கீழே போடாமல், அந்தத் தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு மக்ரூன்கூட உருளவில்லை.

"லூர்து" என்று தன் தம்பியைக் கூப்பிட்டார். "அவியள எப்பம்ல தூக்குதாவ?"

கூடத்தில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த வீட்டில் அன்றைக்குத் தூக்குவதற்கு யாரும் இல்லை. அவருடைய கணவரை அடக்கம் செய்து ஒரு வருடமும் சில நாட்களும் ஆகியிருந்தன. படம் சுவரில் மாலையோடு இருந்தது.

நான் அந்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போய், அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன்.

சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். "உப்பு, கருவாடு, சங்கு என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் நல்ல வாசனை என்று ஒன்றும் கிடையாதா?" என்று கேட்டிருந்தார். கடிதத்தைப் படித்ததும் எனக்கு இந்த மக்ரூன் தட்டுதான் ஞாபகம் வந்தது. இதை வெளியே சொன்னதில்லை. எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுலபம் என்பதால் எழுதிவிடுகிறேன்.

மூக்கு செத்த வேலை

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிதில், நான் ஒரு சங்கு குடோனில் வேலை பார்த்தேன். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும்.

குளியாட்கள் கடலுக்குள் முங்கி எடுத்து வரும் சங்குகள் எங்களிடம் வரும். துளை போட்ட மரப்பலகையில் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்து, பெரியது, சிறியது என்று தரம் பிரிக்க வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் சதை அழுகும்வரை போட்டு வைப்போம். அழுகியபின் கழுவி, சாக்கில் கட்டினால் கல்கத்தாவுக்கு வளையல் அறுக்கப் போகும்.

அந்த அழுகல் வாடையை எழுதிக் காட்ட எனக்குப் படிப்பு போதாது. வெளியூரிலிருந்து வரும் லாரி டிரைவர்கள் வாயிலிலேயே துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்வார்கள். நாங்கள் அதற்குள் உட்கார்ந்து சோறு சாப்பிடுவோம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எல்லோரும் வாந்தி எடுப்பார்கள். ஒரு மாதத்தில் வாடை போய்விடும். வாடை எங்கே போகும்? மூக்குதான் செத்துப் போகும்.

என் அப்பா பழைய முத்துக்குளிப்பில் வேலை செய்தவர். சிப்பியைக் குவித்து அழுக விட்டுத்தான் முத்து எடுப்பார்களாம். பம்பாயிலிருந்து வரும் வியாபாரிகள் அத்தர் நனைத்த கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டத்தில் நிற்பார்களாம். "அத்தர மூக்குல வச்சவன் சிப்பி பக்கம் வரமாட்டான். முத்த மொதல்ல பாக்கது நாங்கதான்" என்று அப்பா பெருமையடிப்பார். அந்தப் பெருமை எனக்கு ஒட்டவில்லை. எனக்குக் கல்யாணம் ஆக வேண்டியிருந்தது.

பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே எழுந்துவிடுவார். அதிலிருந்துதான் என் நிலைமை எனக்குத் தெரியும். மற்றபடி நான் சுத்தமாக இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

ரெஜினா

ரெஜினா கோயிலடித் தெருவில் பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வகுப்பு விட்டு, இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டதை மறந்து அப்படியே வீட்டுக்கு நடப்பாள். இரண்டு வருடம் அதைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருமுறை பேசலாம் என்று சைக்கிளை மெதுவாக்கினேன். காற்று என் பக்கமிருந்து அவள் பக்கம் வீசியது. வேகமாக மிதித்துப் போய்விட்டேன்.

என் அக்காதான் எனக்கு வீட்டில் எல்லாம். அம்மாவும் அப்பாவும் அப்போது இல்லை. நான் வாய் திறந்து சொல்லாததை அவளே கண்டுபிடித்தாள்.

"ஏலே இஞ்ஞாசி, அந்தத் தையக்கார புள்ளையவா பாக்க?"

நான் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, பொத்தான் பிஞ்சுராம பாத்துக்க. நான் பேசுதேன்."

பேசிப் பேசி, பெண் வீட்டில் தலையாட்ட ஆறு மாதம் ஆனது. பெண்ணின் அப்பா இறந்த வருடம் முடியட்டும் என்றார்கள். முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு வரச் சொன்னார்கள்.

குப்பி வந்த வழி

அக்காவின் கணவர் கொழும்புக்குப் போய்வரும் தோணியில் இருந்தார். அந்தத் தடவை எனக்கென்று ஒரு சென்ட் குப்பி கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்துவிட்டு மறுபடி கடலுக்குப் போய்விட்டார். நீளக் கழுத்துக் குப்பி. லேபிளில் ஒரு பாய்மரக் கப்பல் படமும், எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் ஆண்களின் வாசனை எல்லாம் ஒரு சின்ன அலமாரிக்குள் அடங்கிவிடும். சலூனில் முகம் மழித்தால் படிகாரம் தேய்த்து, ரப்பர் பந்தை அமுக்கிப் புஸ் என்று எதையோ அடிப்பார்கள். விசேஷம் என்றால் கழுத்தில் பவுடர். காயல்பட்டினத்து ஆட்கள் மட்டும் வெள்ளிக்கிழமை வந்தால் அத்தர் மணக்க நடப்பார்கள். கப்பல் அதிகாரி யாராவது ஏஜெண்ட் ஆபீசுக்கு வந்து போனால், அவர் உட்கார்ந்த நாற்காலியில் அரைமணி நேரம் வெளிநாடு இருக்கும்.

எனக்கும் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வர ஆசை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா முறைப்படி முன்னதாகவே பெண் வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் தனி. குளித்தேன். வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டுக் குப்பியைத் திறந்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கழுத்தில் தேய்த்தேன். முகர்ந்தேன். எங்கேயோ தூரத்தில் எலுமிச்சங்காய் போல ஏதோ ஒன்று. அது போதாது என்று பட்டது. நெஞ்சு, அக்குள், முதுகில் கை எட்டிய இடம், தலைமுடி. சட்டையைப் போட்டு அதன் காலரில். கைக்குட்டையில். எனக்கு நன்றாக மணந்தபோது குப்பி பாதியாகியிருந்தது.

சைக்கிளில் போகும்போது கடற்காற்று பட்டு உடம்பெல்லாம் ஜில்லென்று இருந்தது. இதுதான் மாப்பிள்ளைக் களை என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரியாதது இது. எங்கள் கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் பீரோவில் ஒரு ஓடிகோலன் குப்பி எப்போதும் இருக்கும். அதற்கு இரண்டே வேலை. காய்ச்சல் கண்டால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவது ஒன்று. இன்னொன்று, சாவு. சவத்தின் மேலும் பெட்டிக்குள்ளும் அதைத்தான் தெளிப்பார்கள். கடைசி முத்தம் கொடுக்கக் குனிகிற எல்லோர் மூக்கிலும் அந்த வாசனைதான் ஏறும். கடைகளில் விற்ற ஓடிகோலன் குட்டைக் குப்பியில் பச்சை லேபிளோடு வரும். அதை எனக்குத் தெரியும். கப்பல் படம் போட்ட நீளக் குப்பிக்குள் இருந்ததும் அதேதான் என்று தெரியாது. மூக்கு இருந்த எவனும் மூடியைத் திறந்ததும் கண்டுபிடித்திருப்பான்.

கூடத்தில் மிச்சம் நடந்தது

ரெஜினாவின் அப்பா தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, இருந்தவர். அவர் இறந்தபோது மகன் வேறொரு தோணியில் கடலில் இருந்தான். அவன் வரும்வரை இரண்டு நாள் உடலை வைத்திருந்தார்கள். அடியில் ஐஸ் பாளம், மேலே ஓடிகோலன். குப்பி குப்பியாக வாங்கி வந்து ஊற்றியவர் தாய்மாமன் லூர்து.

அந்த லூர்து மாமாதான் முதலில் எழுந்தார். என் பக்கத்தில் வந்து குனிந்து, சட்டையை முகர்ந்தார்.

"ஏ, என்னத்தல பூசிட்டு வந்திருக்க?"

"சென்ட்டு" என்றேன்.

"சென்ட்டா? யாரு பொட்டிய தூக்கப் போற? எங்க மச்சான எறக்குன குழி இன்னும் காயல. அதே வாசத்த பூசிக்கிட்டு நடுவீட்டுல வந்து ஒக்காந்திருக்க!"

அக்கா என் கைக்குட்டையைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. "அண்ணாச்சி, கோவிச்சுக்காதிய. அவனுக்கு வாசம் தெரியாது. குடோன்ல மூக்கு செத்துப் போச்சு."

"மூக்கு செத்தவனுக்கு எதுக்குளா சென்ட்டு?"

அக்கா கைக்குட்டையைச் சுருட்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கித்தேரியம்மாள் அதற்குள் அழ ஆரம்பித்திருந்தார். சத்தமில்லாமல் தொடங்கி, பிறகு தெருவே கேட்கும்படி. பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். வந்தவர்கள் காற்றை முகர்ந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். யார் வீட்டில் சாவு என்று ஒருத்தி என்னையே கேட்டாள்.

உள்ளறைத் திரைச்சீலையை ஒரு கை பிடித்திருந்தது. விரலில் ஊசி குத்தாமல் இருக்கப் போடும் தொப்பியின் தடம் அதில் இருந்தது. ரெஜினாவின் கை. திரை விலகவே இல்லை.

"அபசகுனம். எந்திரிங்க" என்றார் லூர்து மாமா. எழுந்தோம்.

தூம்பா மாப்பிள்ளை

சவப்பெட்டியை வைத்துத் தூக்கும் மரக்கட்டிலுக்கு எங்கள் பக்கத்தில் தூம்பா என்று பெயர். திங்கட்கிழமை காலை நான் குடோனுக்குள் நுழையும்போதே எனக்குப் புதுப்பெயர் வைத்தாகிவிட்டது. தூம்பா மாப்பிள்ளை.

"ஏலே இஞ்ஞாசி, எங்க தாத்தா பத்து நாளா இழுத்துக்கிட்டு கெடக்காரு. ஒரு எட்டு வந்து கட்டில் பக்கம் நில்லேன், புண்ணியமாப் போவும்."

"அவன கூப்புடாதிய. அவன் வந்தா கோயில்ல சாவு மணி அடிச்சிருவாவ."

நானும் சிரித்தேன். கூச்சமுள்ளவனுக்கு வேறு வழி இல்லை, கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் வேண்டும்.

செய்யிது மட்டும் சிரிக்கவில்லை. அவன் பக்கத்து ஏஜெண்ட் ஆபீசில் கிளார்க். காயல்பட்டினத்தான், என் வயது. தினமும் மத்தியானம் எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் சேர்ந்து சாப்பிடுவோம். காற்று வரும் பக்கம் பார்த்து உட்கார்வது அவன் வழக்கம். காரணத்தை என்னிடம் சொன்னதில்லை.

"எவ்வளவு ஊத்துன?" என்று கேட்டான்.

"அரைக் குப்பி."

அவன் சோற்றுக் கையை அப்படியே நிறுத்தினான். "எங்க வாப்பா ஒரு விரக்கடை அத்தர் குப்பிய ரெண்டு பெருநாளைக்கு வச்சிருப்பாக. நீ அரைக் குப்பி!"

"எனக்கு வாசமே வரலியே."

மறுநாள் அவன் மூன்று பஞ்சு உருண்டைகளைக் காகிதத்தில் மடித்துக் கொண்டு வந்தான். கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக மூக்கில் வைத்தான். முதல் இரண்டும் எனக்குப் பஞ்சு. மூன்றாவது மண்ணெண்ணெய் என்று சரியாகச் சொன்னேன்.

"மொத ரெண்டும் ரோசாவும் மல்லியும்" என்றான். "நீ வாசம் பூசலல. நாத்தத்துக்கு மேல வாசத்த ஊத்தியிருக்க. ரெண்டும் சேந்து மூணாவதா ஒண்ணு வரும். மொதல்ல ஒன்னைய கழுவு. பொறவு பாப்போம்."

"பொண்ணே கைவிட்டுப் போயாச்சு. இனிம எதுக்கு?"

"பஸ்ல பக்கத்துல ஒக்காருதவனுக்காவது" என்றான்.

தலையணை

அந்த வாரமே கடல் கொந்தளித்தது. சங்கு வரவில்லை. குடோனைச் சில நாட்கள் பூட்டி வைத்தார்கள்.

செய்யிது சொன்னபடி செய்தேன். தலைமுடியை ஒட்ட வெட்டினேன். எண்ணெய் பிசுக்கில்தான் வாடை ஒளிந்திருக்கும் என்று அவன் சொன்னான். சீயக்காய் போட்டுத் தலை, கடலை மாவு போட்டு உடம்பு, எலுமிச்சைத் தோலால் நக இடுக்கு. வேலைக்குப் போடும் கைலியையும் பனியனையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது என்று அக்காவும் சட்டம் போட்டாள்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காலையில் விழித்தேன். அடுப்படியில் அக்கா புளி கரைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை, படுத்திருந்த இடத்திலேயே தெரிந்தது. புளி. அதன் பின்னால் வெந்தயம். அதற்கும் பின்னால் தெருவில் யாரோ தண்ணீர் தெளித்த மண். ஒவ்வொன்றும் வரிசையில் நின்று பெயர் சொல்லிக்கொண்டு உள்ளே வந்தது போல் இருந்தது. எனக்குக் கண் கலங்கியது.

அடுத்த மூச்சில் ஏதோ செத்த வாடை அடித்தது. எழுந்து கட்டிலுக்கு அடியில் தேடினேன். எலி ஒன்றும் இல்லை. பிறகுதான் புரிந்தது. என் தலையணை.

அதை இரண்டு விரலால் பிடித்துக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இத்தன வருசம் ஏன் சொல்லல?" என்றேன்.

"என்னன்னு சொல்ல? ஒன் சம்பளத்துலதானல சோறு பொங்குதேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளே இன்னொன்றும் சொன்னாள். லூர்து மாமா ரெஜினாவுக்குக் கீழவைப்பாரிலிருந்து வேறு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சொந்த வள்ளம் இருக்கிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து உறுதி பண்ணப் போகிறார்களாம்.

"நான் போய் மன்னிப்புக் கேக்கணும்" என்றேன். என் வாயிலிருந்து வந்ததை நானே நம்பவில்லை.

"நீயா? கடையில தீப்பெட்டி கேக்கவே ஒனக்கு வாய் வராது. நான் வரமாட்டேன்லே. அன்னைக்கே என் மானம் போச்சு."

"தனியாப் போறேன்."

ஒரு சொட்டு

வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை என்றால் பயம் இன்னும் கூடிவிடும்.

ஜும்மா தொழுகை முடித்து செய்யிது வேப்பமரத்தடிக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. மூக்கு திரும்பி வந்தபிறகு அவனை அன்றுதான் முதல்முறையாக முகர்ந்தேன். இத்தனை வருடம் ஒரு சந்தனக்கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

"நான் ஒண்ணுமே போடாம போறேன்" என்றேன். "அந்த வீட்டுக்குப் போய் மறுபடியும் வாசமா?"

செய்யிது யோசித்தான். "போடாம போறது நல்லதுதான். ஆனா இங்கேருந்து அங்க போவதுக்குள்ள ஒனக்கு வேர்க்கும். பயத்துல ரெட்டிப்பா வேர்க்கும். வேர்த்தா பழையது கொஞ்சம் எட்டிப் பாக்கும். வேண்டியது மறைக்கது இல்லல. ஒரு துணை. அவ்வளவுதான்."

சட்டைப் பையிலிருந்து சுண்டுவிரல் அளவு குப்பி எடுத்தான். வெட்டிவேர் அத்தர். வெயில் ஊருக்கு வெட்டிவேர்தான் சரி, ரோஜாவும் அகில் அத்தரும் மத்தியானத்தில் தலைவலி தரும் என்றான். மூடியோடு ஒட்டிய கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து, என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றச் சொல்லி, கழுத்தெலும்புக்குக் கீழே வைத்தான்.

நான் தேய்க்கக் கையைத் தூக்கினேன். கையில் ஒரு அடி போட்டான்.

"தேய்க்காத. அது பாட்டுக்கு இருக்கட்டும். சூட்டுல தானா எந்திரிச்சு வரும்."

பிறகு முகர்ந்து பார்த்து, திருப்தியில்லாமல், தன் கைக்குட்டை நுனியால் அந்த ஒரு சொட்டிலும் பாதியைத் துடைத்தான்.

"கால் மணி கழிச்சு ஒனக்கே வாசம் தெரியாது. ஐயோ போயிட்டுன்னு திரும்பி வராத. இருக்கும். மத்தவனுக்குத்தான் தெரியும், ஒனக்குத் தெரியாது."

கடிதம் எழுதிய அந்த வாசகருக்கு மட்டுமல்ல, கல்யாண வயதில் இருக்கிற எல்லாத் தம்பிகளுக்கும் நான் சொல்லக்கூடியது அவ்வளவுதான். இன்றைக்கும் ஆபீஸ் லிப்ட்டில், கல்யாண மண்டபத்தில், ஆளுக்கு முன்னால் சென்ட் வந்து கைகுலுக்குவதைப் பார்க்கிறேன். அந்தத் தம்பிகள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்களுக்கும் வாசனை வரவில்லை, அதனால் ஊற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். நான் கேட்டதெல்லாம் என் மூக்கை மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை நாலு மணி

சைக்கிளை எடுக்கவில்லை. நிழல் பார்த்து மெதுவாக நடந்தேன். தெருமுனைக் குழாயில் முகம் கழுவினேன். அப்படியே திரும்பிவிடலாம் என்று இரண்டு முறை தோன்றியது.

கதவைத் திறந்தது கித்தேரியம்மாள். என்னைப் பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், மூச்சை மெதுவாக இழுத்துப் பார்த்தது. நான் வாசற்படியிலேயே நின்றேன்.

"உள்ள வாங்க தம்பி."

தள்ளி இருந்த நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தேன். அவர் எதிர்ச்சுவர் ஓரம், படத்துக்குக் கீழே உட்கார்ந்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த நாலு வாக்கியங்களில் ஒன்றுகூட வரவில்லை.

"தெரியாம பூசிட்டேன்" என்றேன். "மன்னிச்சிருங்க."

அவர் தலைக்கு மேல் இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அவிய போன அன்னைக்கு நான் அழல தம்பி" என்றார். "ஊரே சொல்லுச்சு, கல்லு மாதிரி இருக்காளேன்னு. ஐஸ் உருகுதே, வேற ஐஸ் எங்க, மெழுகுதிரி போதுமா, மவன் தோணி எங்கன வருது, சாமியாரு எத்தன மணிக்கு வாராவ. இதேதான் ரெண்டு நாளும். அடக்கம் முடிஞ்ச பொறவு அழலாம்னு இருந்தேன். பொறவு வரவே இல்ல. ஒரு வருசமா நெஞ்சுக்குள்ள ஒரு பாறாங்கல்லு. சோறு எறங்காது, ஒறக்கம் கெடையாது."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க வந்து ஒக்காந்திய. அந்த வாசம் வந்துச்சு. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, அவிய போயிட்டாவன்னு. அழுதேன். அழுதுட்டு அன்னைக்கு மத்தியானம் படுத்தவ மறுநா காலைலதான் எந்திரிச்சேன். என் தம்பி சகுனம் சரியில்லன்னு சொல்லுதான். அவன் சொல்லுவான். அந்தக் குப்பிய ஊத்துனது அவன்தான, அவனுக்கும் தாங்கல."

கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெஜி, தம்பிக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். சிரிப்பு போல ஒன்று அவர் முகத்தில் வந்தது. "இன்னைக்கு என்ன பூசிருக்கிய? இங்கன ஒண்ணும் தெரியலியே. ஒண்ணும் இல்லையா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் திரைச்சீலை விலகியது.

இரண்டு வருடம் தெருவில் பார்த்த முகம். கழுத்தில் இஞ்ச் டேப் கிடந்தது. ரெஜினா நேராக வந்தாள், டம்ளரை நீட்டுவதற்குக் குனிந்தாள். குனிந்தவள் உடனே நிமிரவில்லை. ஒரு மூச்சு நேரம் இருக்கும். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அந்த ஒரு மூச்சை நிதானமாக இழுத்தாள். நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

"இருக்கும்மா" என்றாள். "வெட்டிவேரு. கிட்ட வந்தாத்தான் தெரியுது."

கித்தேரியம்மாள் மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியல. கிட்டப் போனவ நீதான். அப்பம் நீயே சொல்லு."

எனக்கு வேர்க்கத் தொடங்கியது. செய்யிதின் அரைச் சொட்டு இதைத் தாங்குமா என்று பயமாக இருந்தது.

ரெஜினா அம்மாவைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கீழவைப்பாருக்காரவிய ஞாயித்துக்கெழம வர வேண்டாம்னு மாமாட்ட சொல்லிருங்க."

சொல்லிவிட்டு, காலி டம்ளரை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். நான் இன்னும் ஒரு மிடறுகூடக் குடித்திருக்கவில்லை.